மூடக் கூடாத ஓட்டை

ஜூன் 11, புதன்

ஒரு வரிசை முழுக்கச் சிரித்த பிறகு டைரியிடம் மட்டும் எதற்கு மறைக்க வேண்டும்? எழுதிவிடுகிறேன்.

சேலத்துப் பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற பெண், "பாப்பா சங்கிலியக் கழட்டுங்க" என்றார். நான், "அது நகை இல்லீங்க, மருந்துங்க" என்றேன்.

கனிக்கு வலது தாடை வீங்கி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. அது பொன்னுக்கு வீங்கிதான் என்று முதல் ஆளாகக் கண்டுபிடித்தவன் நான். எங்கள் சங்ககிரியில் பொன்னுக்கு வீங்கி வந்தால் கழுத்தில் பொன் போடுவார்கள், வடிந்துவிடும். கோகிலாவின் சங்கிலியைக் கழற்றி ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் போட்டுவிட்டேன். தினமும் காலையில் தாடையைப் பார்த்து, "இன்னிக்குக் கொஞ்சம் வடிஞ்சிருக்கு" என்பேன். கோகிலா என் முகத்தைப் பார்ப்பாள். கடைசியில் பள்ளிக்கூடத்து டீச்சர் திட்டி, உள்ளூர்ப் பல் டாக்டரிடம் போய், அவர் விரலால் ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு இங்கே அனுப்பிவிட்டார்.

எக்ஸ்ரே பெண் சங்கிலியை என் உள்ளங்கையில் வைத்து, "மருந்தப் பத்திரமா வச்சுக்குங்கண்ணா" என்றார். எனக்குப் பின்னால் நின்ற வழுக்கைத் தலைக்காரர் சிரித்த சிரிப்பில் அவருடைய பல்செட் கழன்றுவிட்டது. அது ஒன்றுதான் ஆறுதல்.

படத்தைக் குழந்தைப் பல் டாக்டர் காட்டினார். ஃபர்ஹானா என்று பேர். தாடை எலும்புக்குள் கறுப்பாக ஒரு உருண்டை, அதற்குள் முளைக்காத பல் ஒன்று சாய்ந்து கிடக்கிறது. பக்கத்துப் பல்லையும் அது கீழே தள்ளியிருக்கிறது. நான் லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன். உள்ளே ஒன்று புடைத்தால் சுற்றியிருப்பது எவ்வளவு மெல்லிசாகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

"நீர்க்கட்டி மாதிரி தெரியுது. நாளைக்கு எங்க டீம் உக்காரும். எல்லாருமாப் பாத்து முடிவு பண்றோம்" என்றார்.

"எத்தன பேருங்க டாக்டர்?"

"அஞ்சு பேர்."

காய்ச்சல் என்றால் ஒரு டாக்டர். அதற்கு மேல் ஒவ்வொரு டாக்டர் கூடும்போதும் வியாதி ஒரு படி ஏறும் என்பது என் கணக்கு. ஐந்துக்கு என்ன வரும் என்று நினைத்துப் பார்க்கவில்லை. நினைத்துப் பார்த்தேன், எழுதவில்லை.

பஸ்ஸில் கோகிலா சொன்னாள்: "டாக்டருங்க சொல்றத எழுதி வைங்க. உங்க மண்டையில நிக்காது." டயர் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி வெள்ளையாகவே கிடந்தது. அதில்தான் எழுதுகிறேன்.


ஜூன் 12, வியாழன்

ஒரு மேசையைச் சுற்றி ஐந்து பேர். ஃபர்ஹானா டாக்டர். அறுவை டாக்டர் இம்மானுவேல், கை மட்டும் மெக்கானிக் கை மாதிரி இருக்கிறது. பல்லுக்குக் கம்பி கட்டுகிற டாக்டர். மயக்க மருந்து டாக்டர். சதைத் துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற டாக்டரம்மா. கடைசியில் சொன்னவர் எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

இங்கிலீஷில் பேசினார்கள். பத்தாவது வரை படித்தவனுக்குப் புரிந்தது இரண்டு சொல். இம்மானுவேல் டாக்டர் "நோ" என்பார், ஃபர்ஹானா டாக்டர் "பட்" என்பார். நோவும் பட்டும் மாறி மாறிப் போக, நான் கனியின் ரிப்பன் நுனியைத் திருகிக்கொண்டிருந்தேன். அவள் என் கையை எடுத்து என் மடியிலேயே வைத்துவிட்டாள்.

பிறகு ஃபர்ஹானா டாக்டர் தமிழில் சொன்னார். கோகிலா பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்க்க, அப்படியே எழுதுகிறேன். கட்டியை ஒரேயடியாக எடுத்தால் உள்ளே இருக்கிற பல்லும் பக்கத்துப் பல்லும் போகும். அந்த வழியாக ஓடுகிற நரம்பில் கைபட்டால் உதடு மரத்துப்போகலாம். தாடை மெலிந்திருப்பதால் உடையவும் கூடும். அதற்குப் பதில் ஒரு பால் பல்லைப் பிடுங்கி, அந்த வழியாகக் கட்டியில் ஓட்டை போட்டு, தண்ணீரை வடியவிட்டு, ஓட்டையை மாதக்கணக்கில் திறந்தே வைத்திருந்தால் கட்டி தானாகச் சுருங்கும், எலும்பு வளரும், பல் மேலே வரும். வந்தால் நல்லது. எடுக்கிற துண்டைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள்.

"எதுக்குங்க பரிசோதனை?" என்று கோகிலா கேட்டாள்.

"வேற எதுவும் இல்லேன்னு உறுதி பண்ணிக்கத்தான்" என்றார் மைக்ராஸ்கோப் டாக்டரம்மா.

அந்த 'வேற எதுவும்' பஸ்ஸில் எங்களோடு சீட்டில் உட்கார்ந்து சங்ககிரி வரை வந்தது.


ஜூன் 17, செவ்வாய்

உள்ளே கொண்டுபோகும்போது கனி கேட்டாள்: "வலிக்குமாப்பா?"

"தூங்கிருவே கண்ணு."

"எந்திரிச்ச பொறவு?"

நல்ல கேள்வி. பதில் சொல்வதற்குள் கதவு மூடிவிட்டது.

கோகிலா பெஞ்சில் உட்கார்ந்து கந்த சஷ்டி கவசம் முணுமுணுத்தாள். எனக்கு உட்கார முடியவில்லை. கீழே இறங்கி, நிற்கிற வண்டிகளின் டயரையெல்லாம் பார்த்துக்கொண்டு நடந்தேன். வெள்ளைக் கார் ஒன்றின் பின் டயரில் காற்றுக் குறைவு. உட்கார்ந்து தடவிப் பார்த்ததில் ஆணி. வாட்ச்மேன் ஓடிவந்து, நான் காற்றைப் பிடுங்குகிறேன் என்று நினைத்துச் சட்டையைப் பிடித்துவிட்டார். மகள் உள்ளே மயக்கத்தில் கிடக்க, அப்பன் கீழே டயர் திருடனாக நிற்கிறான்.

அது இம்மானுவேல் டாக்டரின் கார்.

அவர் வெளியே வந்தபோது முதலில் கேட்டது, "நீங்கதான் என் ஆணியக் கண்டுபிடிச்சவரா?" அப்புறம்தான், "பாப்பா நல்லா இருக்கா" என்றார். முதல் வாக்கியத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் நான் மூச்சுவிட்டதாக ஞாபகம் இல்லை.

பாட்டிலில் மஞ்சளாகத் தண்ணீர் காட்டினார்கள். இன்னொரு சின்னப் பாட்டிலில் துண்டு. அதை ஒரு நர்ஸ் எடுத்துக்கொண்டு போனார். அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.


ஜூன் 18

கனிக்கு இளநீர், ஆறிய கஞ்சி. கடை மூடல்.


ஜூன் 21, சனி

கடை திறந்தேன். திருப்பூர் லோடு வண்டி ஒன்றுக்கு இரண்டு டயர். தப்பான டியூபுக்கு ஒட்டுப் போட்டுவிட்டேன். ஓட்டையே இல்லாத டியூப். டிரைவர் முத்தையன் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒட்டி முடித்த பிறகு சொன்னார்.


ஜூன் 23, திங்கள்

ஓட்டைக்கு அளவெடுத்து ரோஸ் நிறத்தில் ஒரு பிளக் செய்திருக்கிறார்கள். பக்கத்துப் பல்லில் கம்பியால் கவ்வி நிற்கும். தினம் இரண்டு வேளை அதைக் கழற்றி, ஊசி இல்லாத சிரிஞ்சில், காய்ச்சி ஆறவைத்த உப்புத் தண்ணீரை ஓட்டைக்குள் பீய்ச்சிக் கழுவ வேண்டும். பிறகு பிளக்கை மாட்ட வேண்டும்.

"இந்த ஓட்டை மூடக் கூடாது. அதுதான் முக்கியம். மூடிட்டா உள்ள மறுபடி ரொம்பும்" என்றார் ஃபர்ஹானா டாக்டர்.

எங்கள் கடையில் பிளக் போட்டால் ஓட்டை மூடும், இங்கே பிளக் போட்டால் திறந்திருக்கும் என்று சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். பயம் வந்தால் எனக்கு நன்றாகப் பேச்சு வரும்.

கோகிலா காலை ஷிப்டுக்கு நூல் மில்லுக்குப் போய்விடுவாள். அதனால் கழுவுகிற வேலை என்னுடையது. ஃபர்ஹானா டாக்டர் சிரிஞ்சை என் கையில் கொடுத்து, "டீம்ல நாங்க அஞ்சு பேரு. நீங்க ஆறாவது ஆளு. தினமும் பாப்பாவப் பாக்கப் போறது நீங்க மட்டுந்தான்" என்றார்.

கனி வாயைத் திறந்தாள். ஃபர்ஹானா டாக்டர் பிளக்கைக் கழற்றினார். காலையில் சாப்பிடாததால் லேசாகத் தலை சுற்றியது, தரையில் உட்கார்ந்துகொண்டேன். கோகிலா இதைப் படித்தால் 'உட்கார்ந்துகொண்டேன்' என்பதை அடித்துவிட்டு 'விழுந்தேன்' என்று எழுதுவாள். ஐந்து டாக்டர்களில் இரண்டு பேர் எனக்கு வைத்தியம் பார்த்தார்கள்.


ஜூன் 26, வியாழன்

முடிவு வந்தது. வெறும் நீர்க்கட்டி. வேறு எதுவும் இல்லை.

மைக்ராஸ்கோப் டாக்டரம்மாவே வெளியே வந்து சொன்னார். அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்று தெரியவில்லை. "காத்து செக் பண்ணணும்னா எப்ப வேணா வாங்க" என்று சொன்னதாகக் கனி சொல்கிறாள்.

கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினேன். வெளியே யாரோ கதவைத் தட்டி, "அண்ணே, டேங்க் காலியாகப் போவுது" என்கிற வரைக்கும் கழுவினேன்.


ஜூலை 6, ஞாயிறு

கழுவல் பழகிவிட்டது. கனி ஸ்டூலில் உட்கார்ந்து தலையைச் சாய்ப்பாள். பிளக்கைக் கழற்றியதும் அவளால் பேச முடியாது, அதனால் நான் பேசுவேன். நடுரோட்டில் டயர் வெடித்த கதை, ஸ்டெப்னியைத் திருட்டுக் கொடுத்துவிட்டு என்மேல் கேஸ் போட வந்த டிரைவர் கதை. அவள் சிரித்தால் தண்ணீர் என் சட்டையில் கொட்டும். அப்போது திட்டுவேன். அதற்காகவே சிரிப்பாள்.

சிரிஞ்சு முனையை உள்ளே வைத்ததும் நான் ஜன்னலைப் பார்த்துக்கொள்வேன். எதிர்வீட்டு மொட்டை மாடியில் என்ன காய்கிறது என்று இந்தத் தெருவில் என்னைவிட யாருக்கும் தெரியாது. பழகிய கைக்குக் கண் எதற்கு?


ஜூலை 13

எதிர்வீட்டில் வத்தல் போட்டிருக்கிறார்கள்.


ஜூலை 19, சனி

பிளக் குத்துகிறது என்று கனி அழுகிறாள். ஈறில் சிவந்திருப்பதாகக் கோகிலா சொன்னாள். அடுத்த முறை போவது ஆகஸ்டில்தான். "போன் பண்ணிக் கேளுங்க" என்றாள். இரவு கனி தட்டை அப்படியே வைத்துவிட்டாள்.


ஜூலை 20, ஞாயிறு

கனி இன்று அழவில்லை. பிளக் நன்றாகப் பொருந்திவிட்டது. நான் கொஞ்சம் சரி செய்தேன். இரண்டு தோசை சாப்பிட்டாள்.

கோகிலா, "டாக்டரு என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். "இனிமே குத்தாது" என்றேன். அது உண்மை.


ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஓட்டை சின்னதாகிக்கொண்டு வருகிறது. இன்று ஜன்னலைப் பார்க்காமல் ஓரக்கண்ணால் பார்த்தேன். முன்பு என் சுண்டுவிரல் நுனி போகும், இப்போது பென்சில் நுனிதான். ஓரமெல்லாம் ரோஸ் நிறமாக அழகாகக் கூடியிருக்கிறது. வாழ்க்கை முழுக்க ஓட்டை அடைத்தவன் நான். நன்றாக அடைபட்ட ஓட்டையைப் பார்த்தால் எனக்குத் தெரியும்.

கனியிடம், "ஆறிட்டு வருது கண்ணு" என்றேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.


ஆகஸ்ட் 10, ஞாயிறு

சிரிஞ்சு முனை உள்ளே போகவில்லை. தண்ணீர் அப்படியே திரும்பி வந்துவிடுகிறது. உள்ளே சுத்தமாக இருந்தால் அப்படித்தான்.

கோகிலா, "ஆறலாமுங்களா அது? மூடக் கூடாதுன்னாங்களே?" என்றாள்.

"புண்ணுன்னா ஆறத்தான் செய்யும். நீ மில்லுக்குக் கிளம்பு."

கனியின் கன்னம் கொஞ்சம் பூசினாற்போல இருக்கிறது. சதை போட்டிருக்கிறாள். தோசையாகத் தின்கிறாள் அல்லவா.

பீரோவைத் திறந்து அந்தச் சங்கிலியை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை.


ஆகஸ்ட் 14, வியாழன்

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். கோகிலா எதிரில் உட்கார்ந்து, "எழுதுங்க" என்றாள்.

ஐந்து பேரும் இருந்தார்கள். புதுப் படம், பழைய படம், பக்கத்தில் பக்கத்தில். கறுப்பு உருண்டை போன தடவையைவிடக் கொஞ்சம் பெரிது. பல் இன்னும் கொஞ்சம் கீழே. நோவும் இல்லை, பட்டும் இல்லை.

இம்மானுவேல் டாக்டர் பிளக்கைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். முதலில் அளவெடுத்த அச்சின்மேல் வைத்துப் பார்த்தார். பாதிதான் இருந்தது.

"யார் இதத் தேச்சது?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கனி, "நான்தாங்க டாக்டர். ஸ்கூல்ல, செவுத்துல தேச்சுட்டேன்" என்றாள்.

ஒன்பது வயது. என் முகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள். அறை முழுக்க அவளைப் பார்த்தது. ஃபர்ஹானா டாக்டர் மட்டும் பிளக்கில் இருந்த அரத்தின் வரிகளைப் பார்த்தார், பிறகு என் விரல் நகங்களைப் பார்த்தார்.

"பாப்பா இல்லீங்க. நான்தாங்க" என்றேன். "அவளுக்குக் குத்துச்சுங்க. டியூப் தேய்க்கற அரத்துல லேசாத் தேச்சு விட்டனுங்க. ஓட்ட மூடிட்டு வந்துச்சு, ஆறுதுன்னு நெனச்சுட்டனுங்க."

சொல்லும்போதே தெரிந்தது. அந்த அறையில் அன்று சொன்னார்கள், மூடக் கூடாது, அதுதான் முக்கியம் என்று. எனக்குக் காது கேட்டது. கைக்குக் கேட்கவில்லை. ஒரு ஓட்டை மூடுவதைப் பார்த்துச் சந்தோஷப்படாமல் இருக்க என் கை பழகவில்லை.

இம்மானுவேல் டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மறுபடி மயக்கம் கொடுத்துத் திறக்க வேண்டும் என்றார். திறப்பதானால் இந்தத் தடவை மொத்தமாக எடுத்துவிடலாம் என்றார். இரண்டு பல்லும் போகட்டும், தாடையாவது மிஞ்சும் என்றார். ஃபர்ஹானா டாக்டர், இன்னொரு தடவை திறந்து வைத்துப் பார்க்கலாம், எலும்பு பிடிக்கிற வயசு, இப்போது விட்டால் அப்புறம் கிடைக்காது என்றார். கம்பி டாக்டர் ஃபர்ஹானா டாக்டர் பக்கம். மயக்க டாக்டர், ஒரே குழந்தைக்கு அடுத்தடுத்து மயக்கமா என்று யோசித்தார். கொஞ்ச நேரம் இங்கிலீஷ்.

பிறகு இம்மானுவேல் டாக்டர் ஒரே ஒரு கேள்வியை மட்டும் தமிழில் கேட்டார். என்னிடம் இல்லை, ஃபர்ஹானா டாக்டரிடம்.

"இவரால முடியுமா?"

ஃபர்ஹானா டாக்டர் என்னைப் பார்த்தார். அதற்குள் கனி சொன்னாள்:

"எங்கப்பா செய்வாருங்க. கண்ணத் தொறந்துட்டுச் செய்யச் சொல்லுங்க."

கோகிலா என் பக்கம் திரும்பினாள். எதிர்வீட்டு மாடியில் என்ன காய்ந்தது என்று இத்தனை நாளும் நான் அவளுக்குச் சொல்லியிருக்கிறேன்.


ஆகஸ்ட் 15

கொடியேற்றத்துக்குக் கனி போகவில்லை. கோகிலா என்னோடு பேசவில்லை. நான் செய்த ரசத்தை மட்டும் சாப்பிட்டாள்.


ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஃபர்ஹானா டாக்டர் சொன்னபடி மறுபடி திறந்தாயிற்று. இந்தத் தடவை டயர் பார்க்கக் கீழே போகவில்லை. கதவுக்கு நேரே உட்கார்ந்திருந்தேன்.

இம்மானுவேல் டாக்டர் வெளியே வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கனி பாதி மயக்கத்தில் இருந்தாள். டார்ச்சை என் கையில் கொடுத்து, "பாருங்க" என்றார்.

"இல்லீங்க டாக்டர்..."

"ஒரு டயர உள்ள பாக்காம ஒட்டுவீங்களா?"

பார்த்தேன். ஓரத்தில் ரத்தம். உள்ளே ஒரு சின்னப் பை, டியூபின் உள்பக்கம் மாதிரி வழவழப்பு. அதன் அடியில் எங்கோ என் மகளின் பல். அவர் என் முதுகில் கையை வைத்திருந்தார், விழுந்தால் பிடிக்கிறதுக்கு என்று நினைக்கிறேன். விழவில்லை.

"இப்பிடி இருக்கணும். தினமும் இப்பிடியே இருக்கணும். மாறுனா எனக்கு போன் பண்ணணும், அரத்த எடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் தன் நம்பரைக் கொடுத்தார்.


செப்டம்பர் 2

பிளக் ஈறில் குத்துகிறது. போன் பண்ணினேன். வரச் சொன்னார்கள். போனோம். அவர்கள் தேய்த்த இடம் வேறு, நான் தேய்த்த இடம் வேறு. மேல் ஓரத்தில் ஒரு மயிரிழை எடுத்தார்கள், நீளத்தில் கைவைக்கவே இல்லை.

அரத்தைக் கடைக்குள் மேல்பலகையில் எட்டாத இடத்தில் வைத்துவிட்டேன். வேலைக்கு வேண்டும்போது ஸ்டூல் போட்டு ஏறி எடுக்கிறேன். முத்தையன், "அதென்னங்க, சாமி படமா?" என்று கேட்டார்.


செப்டம்பர் 14, ஞாயிறு

கண்ணைத் திறந்துகொண்டு செய்கிறேன். ஆகவே கதைகள் குறைந்துவிட்டன. கனிக்குக் குறை. "அப்பா, பேசிட்டே பாக்க முடியாதா உங்களுக்கு?" என்றாள். முடிகிறது, கொஞ்சம் கொஞ்சமாக.

ஓட்டை அப்படியே இருக்கிறது. மாறவில்லை என்பதை எழுதும்போது இவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்ததில்லை.

ஆனாலும் கடையில் டியூபைத் தொட்டியில் முக்கிக் குமிழ் பார்க்கும்போது மனசு வேறெங்கோ போய்விடுகிறது. கண்ணுக்குத் தெரிகிற ஓட்டையைப் பார்த்துக்கொள்ளலாம். தெரியாமல் உள்ளே நிரம்புகிறதே, அதற்கு எந்தத் தொட்டி?


அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. ஜாக்கி, லீவர், கம்பரசர் எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்தோம். கனி வரிசையின் கடைசியில் டார்ச்சையும் சிரிஞ்சையும் கொண்டுவந்து வைத்தாள். சிரிஞ்சுக்கு நெற்றி எது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் பொட்டு வைத்திருந்தாள்.

முத்தையன் பொரி வாங்கிக்கொண்டே, "ஓட்டய அடைக்கற ஆளு, இப்ப ஓட்டைக்குக் காவலாளி ஆயிட்டீங்களே" என்றார்.

"சம்பளம் இல்லீங்க, ஆனா வேல நிரந்தரம்" என்றேன்.

சாயங்காலக் கழுவலுக்காக முனையில் இருந்த பொட்டைத் துடைக்க வேண்டியிருந்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.


அக்டோபர் 20

தீபாவளி. முறுக்கு கனிக்கு ஆகாது. அதனால் வீட்டில் யாருக்கும் ஆகாது.


நவம்பர் 13, வியாழன்

டீம். படத்தில் கறுப்பின் ஓரமாகச் சாம்பல் நிறம் ஏறியிருக்கிறது. "புது எலும்பு" என்று கம்பி டாக்டர் விரல் வைத்துக் காட்டினார். எனக்குத் தெரியவில்லை, தெரிகிற மாதிரி தலையாட்டினேன். இம்மானுவேல் டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, பிளக்கைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தார்.

"தேய்க்கல" என்றேன்.

"கேக்கவே இல்லியே நான்" என்றார். ஆகஸ்டுக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தார்.


டிசம்பர் 7, ஞாயிறு

காலையில் டார்ச் அடித்தபோது ஓட்டையின் அடியில் ஏதோ ஒட்டியிருந்தது. சோற்றுப் பருக்கை என்று நினைத்துத் தண்ணீர் பீய்ச்சினேன். போகவில்லை. இன்னொரு தடவை. போகவில்லை. சிரிஞ்சு முனையால் லேசாகத் தொட்டேன். கெட்டியாக இருந்தது. கட்டி கெட்டிப்பட்டுவிட்டதா, அந்த 'வேற எதுவும்'தான் கடைசியில் வந்துவிட்டதா என்று என்னென்னவோ ஓடியது. கனி என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள், வாய் திறந்தபடி, எதுவும் கேட்க முடியாமல்.

"ஒண்ணுமில்ல கண்ணு" என்று சொன்னேன். வெளியே போய் இம்மானுவேல் டாக்டருக்கு போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் இருந்தார் போல, பாட்டு கேட்டது.

"என்ன கலரு?" என்றார்.

"வெள்ளைங்க."

"தொட்டா ஆடுதா?"

"இல்லீங்க. கல்லு மாதிரி."

பாட்டுச் சத்தம் குறைந்தது, அவர் வெளியே வந்திருக்க வேண்டும்.

"செங்கோடன், அது பல்லு. பாப்பாவோட பல்லு மேல வருது."

வீட்டுக்குள் வந்து கனியிடம் சொன்னேன். அவள் கண்ணாடி கேட்டாள். டார்ச்சை நான் பிடித்தேன், கண்ணாடியை அவள் பிடித்தாள். "இத்துனூண்டா?" என்றாள்.


ஜனவரி 8, வியாழன்

பழைய டைரியின் பின்னால் விலாசம் எழுதுகிற பக்கங்கள் இருக்கின்றன. அதில் எழுதுகிறேன். புது டைரி வேண்டாம் என்று கோகிலா சொல்லிவிட்டாள். "ஒரே டைரியோட இது முடியட்டும்" என்றாள்.

பிளக்கை எடுத்துவிட்டார்கள். முதல் பல் பாதி வந்துவிட்டது. இரண்டாவது வழியில் இருக்கிறது, வராவிட்டால் கம்பி டாக்டர் இழுத்துவருவார். கட்டி இருந்த இடத்தில் எலும்பு. "இனிமே கழுவ வேண்டாம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவ படம் எடுத்துப் பாத்துக்கலாம். சில சமயம் திரும்ப வரும், அதனால சில வருசம் பாத்துட்டே இருக்கணும்" என்றார் ஃபர்ஹானா டாக்டர். கடைசி வாக்கியத்தை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு மட்டும் அது பெரிய எழுத்தில் கேட்டது.

"அப்ப ஆறாவது ஆளுக்கு வேல போச்சுங்களா?" என்றேன். ஐந்து பேரும் சிரித்தார்கள்.

ரோஸ் பிளக்கைக் கனி கேட்டு வாங்கிக்கொண்டாள். ஜாமென்ட்ரி பாக்ஸில் வைத்திருக்கிறாள்.


ஜனவரி 9

காலையில் தண்ணீர் காய்ச்சி, உப்புப் போட்டு, ஆறவைத்துவிட்டேன். கனி பைக்கட்டைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட வேனுக்கு ஓடிவிட்டாள். தண்ணீரை என்ன செய்வது என்று தெரியவில்லை. நானே வாய் கொப்பளித்தேன்.


ஜனவரி 15, வியாழன்

பொங்கல். கோகிலா சங்கிலி போட்டிருக்கிறாள். அவள் கழுத்தில் அது மறுபடி நகை ஆகிவிட்டது.

கனிக்குக் கரும்பு தரலாமா என்று நேற்றே போன் பண்ணிக் கேட்டேன். "இடது பக்கமாக் கடிக்கச் சொல்லுங்க. கரும்புக்கெல்லாம் போன் பண்ணாதீங்க, பொங்கல் வாழ்த்துக்குப் பண்ணுங்க" என்றார் இம்மானுவேல் டாக்டர்.

மதியம் கடை வாசலில், அடுக்கி வைத்த பழைய டயர் மேல் கனியும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் உட்கார்ந்து கரும்பு தின்றார்கள். அந்தப் பிள்ளை ஏதோ சொன்னது. கனி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள், வாய் முழுக்கத் திறந்து. நான் தொட்டியில் டியூபை அமுக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே எட்டிப் பார்த்தேன். வெயில் சரியாக விழவில்லை. ஒரு நொடிதான், வாய் மூடிவிட்டது. வலது கன்னம் இடதைவிடக் கொஞ்சம் உப்பலாகத் தெரிந்தது. கரும்பாகத்தான் இருக்கும். இடது பக்கமாகக் கடி என்று சொன்னேனே, வலது பக்கம் எப்படிக் கரும்பு போகும்?

எழுந்து போனேன். கையைச் சட்டையில் துடைத்தேன். சட்டைப் பையில் டார்ச் இருந்தது, தினமும் இருக்கிறது.

"என்னப்பா?" என்றாள் கனி, கரும்பை வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டே. அந்தப் பிள்ளையும் என்னைப் பார்த்தது.

"சக்கையத் தொட்டிக்குள்ள துப்பாதீங்க" என்றேன்.

வாயைத் திற கண்ணு, ஒரே ஒரு தடவை பார்த்துக்கிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.